அவர் தலை தூக்கும்வரை

ஸஜ்தாவில் நெற்றியை விரிப்பில் வைத்துக்கொண்டு எதை நினைத்தாய் என்று யாராவது கேட்டால், பாலை நினைத்தேன் என்றுதான் நான் சொல்ல வேண்டும். அடுப்பைச் சிம்மில் வைத்துப் பாலை ஏற்றிவிட்டுத் தொழ வந்திருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. முத்தியால்பேட்டையில் இரண்டு நாளாக மழை விடவில்லை, எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பள்ளிவாசலுக்குப் போக வழியில்லாததால் என் கணவர் பிற்பகலில் தொழுகிற அஸர் தொழுகையை மாடியில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். ஆக, முன்னால் அவர், பின்னால் நான், அவ்வளவுதான் ஜமாஅத்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் நின்று தொழ வைப்பவர்தான் இமாம். அவர் குனிந்த பிறகுதான் பின்னால் நிற்பவர் குனிய வேண்டும். தரையில் நெற்றி வைத்துச் செய்யும் ஸஜ்தாவிலிருந்து அவர் ‘அல்லாஹு அக்பர்’ சொல்லி எழுந்த பிறகுதான் நாம் எழலாம். அவருக்கு முன்னால் தலையைத் தூக்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று சின்ன வயதில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் ஐம்பது வயதைத் தாண்டியும் எனக்குப் போகவில்லை. அஸரில் ஓதுவது வெளியே கேட்காது. ஸஜ்தாவில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவது விரிப்பு மட்டும், காதுக்கு எட்ட வேண்டியது அவருடைய அந்த ஒரு குரல் மட்டும்.

அந்தக் குரல் வரவில்லை.

மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று நீளமாகக் கேட்கிறார் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். கேட்கட்டும் என்று நானும் கூடவே கேட்டேன். என் பட்டியல் தீர்ந்துபோயிற்று. அவர் எழவில்லை. பால் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எனக்கு எரிச்சலும் கூடவே வந்தது. இந்த மனிதனுக்கு ஆண்டவனிடம் பேச இப்போதுதானா நேரம் கிடைத்தது, பாத்திரத்தைத் தேய்க்கப்போவது நான்தானே என்று மனசுக்குள் பொரிந்து தள்ளினேன்.

அப்போதுதான் அவருடைய பாதங்கள் கண்ணில் பட்டன. பின்னால் நிற்பவருடைய தலை முன்னால் இருப்பவருடைய குதிகாலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஸஜ்தாவில் கால்விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, குதிகாலை நிமிர்த்தி வைத்திருப்போம். அவருடைய வலது காலின் விரல்கள் மெல்ல விட்டுக்கொடுத்தன. குதிகால் சரிந்து பாதம் படுத்துக்கொண்டது. தூங்குகிற குழந்தையின் கை விரிவதுபோல, அவசரமே இல்லாமல் நடந்தது அது.

அந்தப் பாதத்தை நான் உடனே பிடித்து உலுக்கியிருக்கலாம். பிடிக்கவில்லை. எங்கள் குடும்பம் பின்பற்றுகிற வழக்கத்தில் கணவன் மனைவி என்றாலும் தோலோடு தோல் பட்டால் இருவருக்கும் உளூ முறிந்துவிடும். கை கால் முகம் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொழ வேண்டும். தொட்டால் முறியும், தலையைத் தூக்கினால் தப்பு. இரண்டுக்கும் நடுவில், ஒரு படித்த பெண்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள், நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தேன்.

குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் இடது பக்கமாகச் சாய்ந்து பீரோவில் இடித்துக்கொண்டார்.

நான் எப்படி எழுந்தேன், எப்படி அவரைத் திருப்பிப் போட்டேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு அதைவிட மோசம். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. நான் விரலைச் சரியான இடத்தில் வைக்கவில்லையா, உண்மையிலேயே இல்லையா என்று இன்றுவரை தெரியாது. “ஏங்க, ஏங்க” என்று கன்னத்தில் தட்டினேன். தட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அறைந்தேன்.

மார்புக்குள் யாரோ உதைத்ததுபோல அவர் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. கண் என்னைத் தேடிப் பிடித்தது. வாயைத் திறந்து, ஈரமான குரலில், “அல்லாஹு அக்பர்” என்றார். ஸஜ்தாவிலிருந்து எழுகிறாராம்.

“ஏன் முன்னாடியே எழுந்துட்ட? இன்னும் தொழுது முடிக்கலியே” என்றார்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். “தொழுகையா? நீங்க இப்ப செத்துப் போயிட்டு வந்தீங்க” என்று கத்தினேன். கத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தேன். அணைத்த கையோடு அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அவருக்குக் கேட்காமல்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. காந்தி வீதியில் அவருக்குச் சின்ன ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். கடையில் ஒருநாள் பூட்டை எடுத்துக் கொடுக்கும்போது கண் இருட்டிவிட்டது என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாயு என்றோம். பூண்டை நசுக்கிப் பாலில் போட்டுக் கொடுத்தேன். மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தபோது நாடி ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று சொன்னார்களாம். ‘ஓட்டப்பந்தயக்காரனுக்குத்தான் இப்படி இருக்குமாம்’ என்று அவர் வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர். இயல்பிலேயே நிதானமானவர், அதுதான் ரத்தத்திலும் இருக்கிறது என்று நானும் சிரித்தேன்.

அந்த மழையில் ஆட்டோ எதுவும் வரவில்லை. கீழ்வீட்டில் குடியிருப்பவர் குட்டியானை ஓட்டுகிறார். சரக்கு ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முன்சீட்டில் அவரோடு என் கணவர், ஒடுங்கிக்கொண்டு நான். வழியெல்லாம் நான் கணவரின் மணிக்கட்டை விடவில்லை. உளூவாவது ஒன்றாவது. விரலுக்கடியில் நாடி வந்தது, வந்தது, வந்தது. மணிக்கூண்டைத் தாண்டும்போது ஒன்று வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. வைப்பர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. நான் அவர் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன்.

“கிள்ளாதம்மா, முழிச்சிட்டுதான் இருக்கேன்” என்றார். நாடி திரும்பி வந்திருந்தது.

மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார் அங்கே இருந்த இளம் டாக்டர். குனிந்திருந்ததால் தலைசுற்றல் வந்திருக்கலாம், சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்கட்டும் என்றார். என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கைகட்டி உட்காருகிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். இவருடைய இதயமும் அந்த ரகம்தான் என்று எனக்குப் பட்டது.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். மறுபடி விழுந்தா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? நீங்க நாடியைப் பாத்துட்டே இருங்க” என்றேன். கெஞ்சலாகத் தொடங்கியது, முடியும்போது அதட்டலாகிவிட்டது. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்று மார்பில் ஒயர்களை ஒட்டித் தலைமாட்டில் இருந்த திரையோடு இணைக்கச் சொன்னார்.

அந்தத் திரையின் முன்னால் நான் உட்கார்ந்திருந்ததைப்போல வாழ்க்கையில் எதன் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. பச்சைக் கோடு ஒரு முள் நிமிர்த்தும், தாழும், மறுபடி நிமிர்த்தும். ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவில் இருக்கிற சமதரை எவ்வளவு நீளம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன். காலையில் மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். “அம்மா, கொஞ்சம் கண்ண மூடு, நான் பாத்துக்கறேன்” என்றாள். இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் அவர் பன்னைக் காப்பியில் தோய்த்து வாயில் வைத்தார். முள் வந்தது. பிறகு கோடு மட்டும் ஓடியது. அடுத்த முள்ளுக்காக என் கண் திரையின் அந்த ஓரம்வரை போயிற்று. முள் இல்லை. கோடு திரும்ப ஆரம்பத்துக்கு வந்து ஓடியது. அப்போதும் இல்லை. மெஷின் அலறியது. பன் அவர் கையிலிருந்து விழுந்தது, கண் மேலே போனது. மகள் “அத்தா” என்று அவர் தோளைப் பிடித்தாள். நான் அசையவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அது வராமலே போய்விடும் என்று ஒரு மடத்தனமான எண்ணம். நர்ஸ் ஓடிவந்து அவர் மார்பில் கை வைக்கும்போது முள் ஒன்று கோணலாக நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

என் உயிர் போய் வந்தது என்று சும்மா சொல்லுவோம். அன்றைக்கு அதை நான் பச்சைக் கோட்டில் பார்த்தேன்.

சாயங்காலம் இதய மருத்துவர் வந்தார். என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் ஈசிஜி தாளின் பின்பக்கம் இதயத்தை வரைந்து விளக்க ஆரம்பித்தார். அந்தப் படத்தை நானே எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். வலது பக்கம் நீலச் சாக்பீஸ், இடது பக்கம் சிவப்பு. நான்கு அறைகள், வால்வுகள். ‘இதயத் துடிப்பைத் தொடங்கி வைப்பது எது?’ என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. சைனோ ஏட்ரியல் கணு என்று எழுதினால் மதிப்பெண். கணுவில் ணகரம் தப்பாக இருந்தால் அரை மதிப்பெண் குறைப்பேன். அது என்ன, எப்படி இருக்கும், நின்றுபோனால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அது பேரீச்சங்கொட்டையைவிட மெல்லிசாம். வலது மேலறையின் சுவரில், பெரிய ரத்தக்குழாய் வந்து சேர்கிற இடத்தில் பதிந்திருக்குமாம். மற்ற தசைச் செல்கள் யாராவது தட்டினால் சுருங்கும், பிறகு அடுத்த தட்டலுக்காகச் சும்மா இருக்கும். இந்தக் கணுவில் இருக்கிற செல்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு துடிப்பு முடிந்த கையோடு அவற்றின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியாகச் சோடியமும் கால்சியமும் உள்ளே கசியத் தொடங்கும். மின்னழுத்தம் மெல்ல ஏறும். சொட்டுகிற குழாய்க்கடியில் வைத்த சொம்பு நிறைந்து வழிவதுபோல ஓர் எல்லையைத் தாண்டியதும் மின்சாரம் பாயும், இதயம் முழுக்கச் சுருங்கும். உடனே சொம்பு காலி, மறுபடி சொட்டத் தொடங்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூளைகூட வேகமாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லுமே தவிர, துடி என்று சொல்வதில்லை.

“தாயோட வயித்துல ஆரம்பிச்சதுங்க டீச்சர். அதுலேருந்து அதுபாட்டுக்கு ஓடுது. இவருக்கு அந்த செல்லுங்க கொறஞ்சிட்டே வருது, அந்த இடத்துல நாரு நாரா ஆயிடுச்சு. அப்பப்ப நின்னுடுது” என்றார்.

“அது நின்னா வேற எதுவுமே கிடையாதா?” என்று மகள் கேட்டாள்.

“இருக்கு. அதுக்குக் கீழ இன்னொரு கணு இருக்கு, அதுக்கும் கீழ நாரு இழை இருக்கு. எல்லாத்துக்கும் தானா துடிக்கத் தெரியும், கொஞ்சம் மெதுவா. ஆனா மேல இருக்கறது வேகமா இருக்கறதால, கீழ இருக்கறதோட முறை வரதுக்கு முன்னாடியே உத்தரவு வந்துடும். அதனால அதுங்க காலம் பூரா பின்னாடியே போய்ப் பழகிடுது. மேல இருக்கறது திடீர்னு நின்னா, சட்டுனு எழுந்து வேலையை எடுத்துக்காது. இன்னும் உத்தரவு வரும்னு இருக்கற மாதிரி கொஞ்ச நேரம் அசையாம இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துலதான் சார் மயங்கி விழறாரு.”

அந்தக் கொஞ்ச நேரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். விரிப்பில் நெற்றி வைத்து, பாலை நினைத்து அவரைத் திட்டிக்கொண்டு, நான் இருந்தது அந்த நேரத்துக்குள்தான். அவருடைய மார்புக்குள் ஒன்று நின்றுபோய், அதன் பின்னால் இருப்பவை குரலுக்காகக் காத்திருந்தன. வெளியே நானும் அதே குரலுக்காகக் காத்திருந்தேன். பள்ளிவாசலில் இமாமுக்கு நேர் பின்னால் ஓதத் தெரிந்த ஒருவரை நிறுத்துவார்கள். இமாமுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் ஓர் அடி முன்னால் வந்து தொழுகையை முடித்துவைக்க வேண்டும். அந்த ஆள் ஓர் அடி எடுத்துவைக்கத் தயங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் மார்புக்குள் இருப்பது எந்த நொடியிலும் இன்னொரு தரம் தயங்கலாம். அது தயங்குவதை நிறுத்த என்னால் எதுவும் செய்ய முடியாது. அதுதான் என்னைத் தின்றது.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய ஒயர். அது பின்னால் நின்று கவனித்துக்கொண்டே இருக்குமாம். இதயம் தானாகத் துடித்தால் அது வாய் திறக்காது. துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் உடனே அது ஒன்றைத் தட்டிவிடும். தயங்காது.

அடுத்தது என் கணவரின் முறை. கடைக்காரர் அல்லவா, முதலில் பேட்டரி எத்தனை வருடம் வரும், வாரண்டி உண்டா என்று கேட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பிறகு என் கணவர், “ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். “மவுத்து வரும்ல, ஆண்டவன் கூப்பிடுற நேரம். அப்ப இந்த மெஷின் விடாம தட்டிக்கிட்டே இருந்தா? நான் போக முடியாம மாட்டிக்குவேனா?”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “மாட்டிக்க மாட்டீங்க சார். இது தட்டும், அவ்வளவுதான். அந்தத் தட்டலுக்கு இதயம் சுருங்கணும். கடைசி நேரத்துல தசை கேக்காது. இது யாரையும் புடிச்சி வெச்சிக்காது” என்றார்.

“அப்ப சரி. வெச்சிடுங்க” என்றார் இவர், ஏதோ கதவுக்குக் கீல் வைக்கச் சொல்வதுபோல. அவருக்குப் பயம் தீர்ந்துவிட்டது. எனக்குத்தான் அது இரண்டு மடங்காயிற்று. இந்த மனிதன் போவதைப் பற்றி எவ்வளவு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார், பாதிப் படியில் சுவரைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் ஆமாம் என்பார். அதனால் கேட்கவில்லை. போர்வையைச் சரியாகப் போர்த்திக்கொள்ளத் தெரியாதா என்று திட்டினேன்.

ஆபரேஷன் அன்று மரத்துப்போகிற ஊசி மட்டும்தான், முழுதாக மயக்கம் கொடுக்க மாட்டார்கள் என்றார்கள். முழித்துக்கொண்டே இருப்பாராம். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதினேன். பாதியில் ஆரம்பம் மறந்துபோனது, ஆரம்பித்தால் முடிவு மறந்துபோனது. பிரான்ஸில் இருக்கிற என் நாத்தனார் வீடியோவில் வந்தார். அவர் கணவர் அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அங்கே அதைவிட நன்றாக நடக்கும்.

“எதுக்கு அழுவுற? இங்க எங்க தெருவுல பாதிக் கெழவனுங்க நெஞ்சுல பீல் இருக்கு. பீல்னா பேட்டரிதான், இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஒருத்தன் அத வெச்சிக்கிட்டு சைக்கிள் ஓட்டுறான். என் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

“நான் அழுவலியே மச்சி” என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. போனை அணைக்காமல், அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். அவர் உதடுகளும் அசைந்துகொண்டுதான் இருந்தன.

கதவு திறந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. வைத்த ஒயர் நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்டேன்.

இது யாருக்கும் புரிவதில்லை. நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். இத்தனை வருடம் என்னவென்றே தெரியாமல் ஒரு பாலத்தின் மேல் நடந்துவிட்டு, நடுவில் பலகை இல்லை என்று தெரிந்த பிறகு, புதுப் பலகை போட்டாயிற்று என்றால் கால் நடுங்காமல் போய்விடுமா? வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் விற்கிற மனிதனின் வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவர் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து குளிக்கும்போது சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார். கடையில் என்ன விற்றது, யார் வந்தார்கள் என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, அதில் பாரம் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதார். தொழுகை தொடங்கும்போது இரண்டு கையையும் காதுவரை உயர்த்த வேண்டும். அவர் வலது கையை மட்டும் உயர்த்தினார். நான் தனியாக அடுத்த அறையில் தொழுதேன். அவருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி அவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அந்த விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். பாலின் வாசனை அதில் ஒட்டியிருப்பதாக எனக்கு ஒரு எண்ணம்.

டாக்டர் இனிமேல் எல்லாம் செய்யலாம் என்று சொன்ன வாரத்தில், ஒரு மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். பரணிலிருந்து விரிப்பை அவரே இறக்கித் தட்டினார். “அஸருக்கு நேரமாச்சு. வரியா?” என்றார்.

வர மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உளூ செய்துவிட்டு, துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

நின்றது, குனிந்தது எல்லாம் நடந்தது. என் மனசு ஓதலில் இல்லை. முதல் ஸஜ்தாவில் அவர் சீக்கிரமே எழுந்தார். இரண்டாவதிலும் அப்படித்தான். எனக்காகத்தான் சுருக்கமாகச் செய்கிறார் என்று நினைத்தேன். கடைசிச் சுற்றான நான்காவது ரக்அத்தின் கடைசி ஸஜ்தாவில் அவர் எழவில்லை.

வெளியே வெயில். தெருவில் கோலமாவு விற்கிறவர் குரல் வந்து போயிற்று. நெற்றி விரிப்பில். என் கண்ணுக்கு முன்னால் அவருடைய குதிகால்கள், நிமிர்ந்துதான் இருந்தன. விரல்கள் ஊன்றித்தான் இருந்தன. அன்றைக்கும் முதலில் அப்படித்தான் இருந்தன. தலையைத் தூக்கிப் பார்த்துவிடு என்றது ஒரு மனசு. பொறு என்றது இன்னொன்று. போன தரமும் அதுதான் பொறு என்றது.

வார்டில் அவருடைய கை இரண்டிலும் ஊசி குத்தியிருந்தபோது, நர்ஸ் கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் விரல் வைத்து நாடி பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். என் வலது கை விரிப்பில் மெல்ல நகர்ந்தது. தோல் படக் கூடாது. துப்பட்டியின் நுனியை விரல்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். நைந்த மல் துணி அது. துணியோடு இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்தேன். எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் இறக்கி வைத்தேன்.

வந்தது. துணிக்கு அந்தப் பக்கமிருந்து, நிதானமாக. பிறகு அடுத்தது, வர வேண்டிய நேரத்தில். அதற்கடுத்தது. அதில் எது அவருடையது, எது டப்பாவினுடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, விரிப்பு கண்ணுக்கடியில் நனைந்துவிட்டது. போதும் என்று தோன்றியபோது விரலை எடுத்துக் கையை என் தலைக்குப் பக்கத்தில் பழையபடி வைத்தேன்.

“அல்லாஹு அக்பர்” என்று அவர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு அவர் திரும்பி உட்காரவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தஸ்பீஹ் மணியை எடுத்தார். ஸஜ்தாவில் அவ்வளவு நேரம் என்ன கேட்டீர்கள், நான் செத்துப் பிழைத்தேன் என்று ஆரம்பிக்கப் போனேன்.

“பெருசா ஒண்ணும் கேக்கல” என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. “நீ விரலை எடுக்கட்டும்னு இருந்தேன்.”